சிறைக்கதவு திறந்த பிறகு



1912ம் ஆண்டு டிசம்பர் 24ம் நாள். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு உலகம் தயாராகிக்கொண்டிருந்த அந்த நாளில் கண்ணூர் சிறையின் கதவு திறந்தது. வெளியே வந்தவர் நம் தூத்துக்குடி மண்ணின் வ.உ.சிதம்பரனார். 1908ல் அவர் கைதானபோது தூத்துக்குடியும் திருநெல்வேலியும் கொந்தளித்தன. கடைகள் அடைக்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. ஆனால் நாலரை ஆண்டுகளுக்குப் பிறகு அவர் வெளியே வந்தபோது வரவேற்க நின்றவர்கள் ஒரு சிலரே. அவர்களில் ஒருவர் சிறையிலேயே தொழுநோய்க்கு ஆளாகியிருந்த அவருடைய தோழர் சுப்பிரமணிய சிவா.

கோவைச் சிறையில் அவர் செக்கிழுத்த கதையை நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். சிறையிலிருந்து வெளியே வந்தபின் அவர் பட்ட பாடுகளை நாம் அதிகம் பேசுவதில்லை. 1906ல் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி 1911ல் கலைக்கப்பட்டிருந்தது. வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. சொந்த மாவட்டத்துக்குத் திரும்பவும் தடை இருந்தது. சென்னையில் குடும்பத்தோடு தங்கி, சிறு சிறு வியாபாரங்கள் செய்து, வாடகைக்கும் வயிற்றுக்கும் அல்லாடினார். பல ஆண்டுகளுக்குப் பின் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால்தான் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியை மறக்காமல் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். தண்டனை முடிந்த ஒரு மனிதருக்குத் தொழிலைத் திருப்பித் தர ஒரே ஒருவர் முன்வந்தது, அவர் வாழ்நாளெல்லாம் நினைக்கும் கொடையாக இருந்தது!

இவற்றை நாம் இன்று அறிய முடிவதற்கு முக்கியக் காரணம் ஓர் ஆய்வாளரின் நாற்பதாண்டு உழைப்பு. ஆ.இரா.வேங்கடாசலபதி தம் பதினேழாம் வயதிலேயே, 1984ல், வ.உ.சி.யின் கடிதங்களைத் தொகுத்து வெளியிட்டார். பின்னர் நெல்லை மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்திலும் பேராசிரியராகப் பணியாற்றியபோதும் இந்தத் தேடலை அவர் விடவில்லை. 1908ம் ஆண்டின் திருநெல்வேலி எழுச்சி குறித்த அவரது நூல் 2024ம் ஆண்டுக்கான சாகித்திய அக்காதெமி விருதைப் பெற்றது. இன்னொரு நூலின் தலைப்பிலேயே ஒரு தொகை வருகிறது: 347 ரூபாய் 12 அணா. தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த நம் மக்கள் வ.உ.சி.க்காகத் திரட்டி காந்தியடிகளிடம் கொடுத்த பணம் அது. 1915ல் காந்தி இந்தியா திரும்பிய பின் இருவருக்கும் இடையே கடிதங்கள் போய்வந்தன. 1916ல்தான் அந்தத் தொகை வ.உ.சி.யின் கைக்கு வந்து சேர்ந்தது.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. அன்பு கொண்டவர்கள் கடல் கடந்தும் இருந்தார்கள். பணமும் இருந்தது. ஆனால் அது உரியவரிடம் சேர ஆண்டுகள் ஆயின. விடுதலையான மனிதருக்கு உதவி தேவைப்படுவது அவர் வெளியே வரும் அன்றைக்கு. நம் இரக்கம் பல வேளைகளில் தாமதமாகத்தான் கிளம்புகிறது.

நாட்டுக்காகச் சிறை சென்றவருக்கே இந்தக் கதி என்றால், அடிதடியிலோ திருட்டிலோ சிக்கிச் சிறை சென்ற சாதாரண மனிதருக்கு என்ன நேரும்? இதை ஆராய்வதையே வாழ்நாள் பணியாகக் கொண்ட அறிஞர்கள் உலகில் உண்டு. தேவா பேஜர் என்ற அமெரிக்கப் பெண் சமூகவியலாளர் மில்வாக்கி நகரில் ஓர் ஆய்வு நடத்தி 2003ல் வெளியிட்டார். ஒரே மாதிரித் தகுதியுள்ள இளைஞர்களை வேலை கேட்டு அனுப்பினார். குற்றப்பதிவு இல்லாத வெள்ளை இளைஞர்களில் 34 விழுக்காட்டினரை முதலாளிகள் திரும்ப அழைத்தனர். சிறை சென்றதாகச் சொன்னவர்களில் 17 விழுக்காட்டினரையே அழைத்தனர். கறுப்பின இளைஞர்களிலோ இது 14 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகச் சரிந்தது. ரூபன் மில்லர் என்ற மற்றோர் ஆய்வாளர் சிகாகோ சிறையொன்றில் ஆன்மப் பணியாளராகத் தொண்டு செய்தவர். தம் தந்தையும் சகோதரர்களும் சிறை கண்டவர்கள் என்பதையும் மறைக்காமல் எழுதினார். சிறை சென்றவர் வெளியே வந்த பிறகும் வேறுவகைக் குடிமகனாகவே நடத்தப்படுகிறார் என்பது அவர் 2021ல் வெளியிட்ட நூலின் சாரம்.

நம் நாட்டு நிலை என்ன? தேசியக் குற்றப்பதிவுப் பணியகத்தின் கணக்குப்படி, 2022ம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களுள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூவர் இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பிடப்படாதவர்கள். இவர்களும் வாக்களிக்க முடியாது. 1951ம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 62(5), தடுப்புக் காவலில் இருப்போர் தவிர, சிறையில் உள்ள எவருக்கும் வாக்கில்லை என்கிறது. உச்ச நீதிமன்றமும் 1997ல் இதை உறுதிசெய்தது. ஆனால் சிறையிலிருந்தபடியே தேர்தலில் நிற்கலாம்! 2024 மக்களவைத் தேர்தலில் அப்படி நின்று இருவர் வென்றனர். சிறையிலிருப்பவர் வாக்குக் கேட்கலாம், வாக்குப் போட முடியாது என்ற இந்த முரண்பாடு சிந்திக்கத்தக்கது.

ஆனால் நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. இந்தத் தடை சிறைக்கதவோடு முடிந்துவிடுகிறது. ஜாமீனில் வந்தாலும், தண்டனை முடிந்து வந்தாலும், அவருக்கு வாக்குரிமை உண்டு. பட்டியலில் பெயர் விடுபட்டிருந்தால் படிவம் 6 கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். ‘ஜெயிலுக்குப் போனவனுக்கு ஓட்டு கிடையாது’ என்று ஊரார் சொல்வதைக் கேட்டு ஒதுங்கிவிடுகிறவர்களிடம் இதை எடுத்துச் சொல்வது நம் கடமை.

வாக்கைவிடப் பெரிய தடை பிழைப்பில் வருகிறது. நம் கடற்கரை இளைஞர்கள் கப்பல் வேலையையும் துறைமுகத்தையும் நம்பி வாழ்பவர்கள். நீதிமன்றத்தில் குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால், நீதிமன்ற அனுமதியின்றி பாஸ்போர்ட் பெறுவது கடினம். காவல்துறைச் சரிபார்ப்பு என்றதும் பலர் விண்ணப்பிக்கவே அஞ்சுகிறார்கள். 2018 மே 22 துப்பாக்கிச் சூட்டில் 13 பேரை நம் நகரம் இழந்தது. அந்தப் போராட்டத்தின் வழக்குகளில் சிக்கிய இளைஞர்களின் வீடுகளிலும் இந்தக் கவலைதான் குடியிருந்தது. 2021 மே மாதம், நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் இடைக்கால அறிக்கையின் பேரில், தமிழக அரசு வழக்குகள் பலவற்றைத் திரும்பப் பெற்றது. உயர்கல்விக்கும் வேலைக்கும் தடையில்லாச் சான்று தரவும் முன்வந்தது. ஒரு தாளில் ஒரு முத்திரை விழுந்தால் ஒரு குடும்பமே மூச்சு விடும் என்பதை அப்போது கண்டோம்.

இனி நம் ஊருக்குள் வருவோம். இலங்கைச் சிறையிலிருந்து நம் மீனவர்கள் திரும்பும்போது ஆளனுப்பி அழைத்து வருகிறோம், கட்டித் தழுவுகிறோம். இது நல்லது. படகை இழந்து வெறுங்கையோடு வருகிறவருக்கு அந்த அரவணைப்பு வேண்டும். ஆனால் பேரூரணி மாவட்டச் சிறையிலிருந்தோ, பாளையங்கோட்டை மத்திய சிறையிலிருந்தோ வருகிறவருக்காக வாசலில் யார் நிற்கிறோம்? நமக்குத் தெரிந்த ஒரு கடலோர ஊரில், தண்டனை முடிந்து வந்த ஒருவர் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி கொடுக்க வந்தார். வாங்குவதா வேண்டாமா என்று ஊர்க் கமிட்டியில் வாக்குவாதம் மூண்டது. வரி வாங்கினால் அவரும் ஊர்க்காரராகிவிடுவார் அல்லவா? கொண்டு வந்த பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வெளியே நின்றார். கடைசியில் ஒரு மூதாட்டி, ‘அவன் அப்பன் பேர் இந்த நோட்டுல இருக்கில்லையா, அதுக்குக் கீழே எழுதுங்கய்யா’ என்றார். எழுதினார்கள். அரசு கொடுக்கும் குடியுரிமை ஒன்று, ஊர் கொடுக்கும் குடியுரிமை இன்னொன்று. இரண்டாவதைத் தரவும் மறுக்கவும் வல்லவர்கள் நாமே.

‘அப்படியானால் பாதிக்கப்பட்டவர்களின் கண்ணீர்?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. காயம்பட்ட குடும்பத்திடம் மன்னிப்பைக் கட்டாயப்படுத்திக் கேட்கும் உரிமை நமக்கில்லை. முதலில் நாம் நிற்க வேண்டியது அவர்கள் பக்கத்தில். ஆனால் அருள்சகோதரி ராணி மரியாவின் குடும்பம் நமக்கு வேறொரு வழியையும் காட்டியிருக்கிறது. 1995ம் ஆண்டு பிப்ரவரி 25ம் நாள், மத்தியப் பிரதேசத்தில் ஏழைகளுக்காக உழைத்த அவரைப் பேருந்திலிருந்து இழுத்துக் கொன்றவர் சமந்தர் சிங். ராணி மரியாவின் தங்கை சிறைக்கே சென்று அவருக்கு ராக்கி கட்டி, சகோதரனாக ஏற்றார். குடும்பத்தினர் அவரது விடுதலைக்கு ஒப்புதல் தந்தனர். 2006ல் விடுதலையான அவர் கேரளாவுக்குச் சென்றபோது, கொல்லப்பட்டவரின் தாய் அவரது கைகளை முத்தமிட்டார். 2017ல் ராணி மரியா அருளாளராக உயர்த்தப்பட்டார்.

புனித பவுல் எழுதிய திருமடல்களில் மிகச் சிறியது பிலமோனுக்கு எழுதியது. சிறையிலிருந்த பவுல், தப்பியோடிய அடிமை ஒனேசிமுவை உடன்பிறப்பாக ஏற்றுக்கொள்ளும்படி அதில் கேட்கிறார். கடன் ஏதும் இருந்தால் தாமே செலுத்துவதாகவும் பொறுப்பேற்கிறார். நல்லெண்ணத்தோடு நிற்காமல், அந்த மனிதருக்காகத் தம் பெயரையே ஈடு வைத்தார் பவுல். 2025 யூபிலி ஆண்டை அறிவித்த மடலில் திருத்தந்தை பிரான்சிஸ், கைதிகளைச் சமூகத்தோடு மீண்டும் இணைக்கும் திட்டங்களை அரசுகளிடம் கேட்டார். இறப்பதற்கு நான்கு நாள் முன்பு, பெரிய வியாழனன்று, உடல் நலிந்த நிலையிலும் உரோமைச் சிறையொன்றைப் போய்ப் பார்த்தார்.

நாம் என்ன செய்யலாம்? விடுதலையாகும் நாளன்று சிறைவாசலில் இருவர் நிற்கலாம். ஆதார், ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல் ஆகியவற்றுக்கு உடன் செல்லலாம். படகு வைத்திருப்பவர்களும் கடை வைத்திருப்பவர்களும் ஓர் ஆளுக்கு வேலை தரலாம். அவர் சிறையில் இருக்கும் காலத்திலேயே அவருடைய பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை அன்பியங்கள் ஏற்கலாம். இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை.

முத்துக்குளித்த காலத்தில், கடலுக்குள் இறங்குகிறவரின் கயிற்றை அவருடைய மச்சான்தான் பிடிப்பார் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். மூச்சு முட்டும் நேரத்தில் கயிறு அசையும். மேலே இருப்பவர் உடனே இழுக்க வேண்டும், காரணம் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. நம் ஊரிலும் இன்று யாரோ ஒருவர் கயிற்றை அசைத்துக்கொண்டிருக்கிறார். பிடித்திருக்கிறோமா என்று நம்மை நாமே கேட்டுப் பார்ப்போம்.