சங்கத்துக் கொப்பி



சென்ற மாதம் இலங்கைத்துறைப் பக்கத்தில் ஒரு மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். விளக்கேற்றி, யுத்தத்திலும் 2004 சுனாமியிலும் இறந்தவர்களுக்காக இரண்டு நிமிடம் மௌனமாக நின்றோம். பின் செயலாளர் கடந்த கூட்ட அறிக்கையை வாசித்தார், பொருளாளர் கணக்கை வாசித்தார். ஒருவர் முன்மொழிய மற்றவர் வழிமொழிந்தார். புதிதாகச் சேர்ந்த தங்கை ஒருவர், "அக்கா, எல்லாரும் தெரிஞ்ச ஆக்கள்தானே, இதெல்லாம் என்னத்துக்கு?" என்று மெதுவாகக் கேட்டார்.

இந்த வழக்கங்கள் நேற்று வந்தவை அல்ல. கனடாவில் அடிலெய்ட் ஹூட்லஸ் என்ற தாய் 1889 இல் தன் கைக்குழந்தையை இழந்தார். பழுதான பாலே காரணம் என்று நம்பிய அவர், வீட்டுச் சுகாதாரத்தைப் பெண்களுக்குக் கற்பிக்க முன்வந்தார். அவருடைய முயற்சியால் 1897 இல் ஸ்ரோனி கிறீக் என்னும் ஊரில் முதலாவது கிராமிய மாதர் சங்கம் தோன்றியது. நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை அப்போது அந்நாட்டுப் பெண்களுக்கு இருக்கவில்லை. ஆனால் சங்கத்துக்குள் அவர்களே தலைவியைத் தெரிவுசெய்தார்கள்.

அந்த மாதிரியை இலங்கைக்குக் கொண்டுவந்தவர் வைத்தியர் மேரி இரத்தினம். கனடாவில் பிறந்து, யாழ்ப்பாணத் தமிழர் ஒருவரை மணந்து இங்கேயே வாழ்ந்தவர். பெண்களின் வாக்குரிமைக்காகவும் உழைத்த அவர், 1930 இல் லங்கா மகிளா சமித்தியைத் தொடங்கினார். கிராமத்துப் பெண்கள் அதில் கூடிச் சுகாதாரமும் கைத்தொழிலும் கற்றார்கள்.

சங்க வழக்கங்களின் அருமையை நான் படிப்பில் அறியவில்லை, என் பிழையில்தான் அறிந்தேன். சில வருடங்களுக்கு முன் வேறொரு கிராமத்தில், வங்கி தூரம், பஸ் காசு வீண் என்று எண்ணி, காசெடுக்கும் படிவங்களில் முன்கூட்டியே கையொப்பமிட்டு வைக்கும்படி நானே யோசனை சொன்னேன். மரண உதவிக்கென்று சேர்த்த காசு போய்விட்டது. ஓர் உறுப்பினரின் தாயார் இறந்தபோது கொடுக்க எதுவும் இருக்கவில்லை. அக்கா தங்கையாகப் பழகியவர்கள் ஒரு வருடம் முகம் பார்க்கவில்லை. இரண்டாவது கையொப்பம் சந்தேகத்தால் வந்தது அல்ல, உறவைக் காப்பதற்காக வந்தது என்று அன்றுதான் விளங்கியது.

இலங்கைத்துறைக் கூட்டம் முடிந்தபின் பழைய செயலாளர் அம்மா ஒரு கொப்பியைக் காட்டினார். 2006 இல் இடம்பெயர்ந்து, வாகரைக்கும் பின் மட்டக்களப்பு முகாமுக்கும் போனபோது பொலித்தீனில் சுற்றிக் கொண்டு போனதாம். "நகையை விட்டிட்டுப் போனன் மகள், இத விடேல்ல" என்றார். மீள்குடியேறியபின், யார் எவ்வளவு சேமித்தார் என்பதற்கு அதுவே சாட்சியாக இருந்தது. இறந்துபோன இருவரின் பங்கு அவர்களின் பிள்ளைகளுக்குக் கிடைத்தது.

அந்தத் தங்கைக்கு நான் தனியாகப் பதில் சொல்லவில்லை. அந்தக் கொப்பியை அவருடைய கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னேன்.

சகோதரிகளே, வெற்றுப் படிவத்தில் எவருக்காகவும் கையொப்பமிடாதீர்கள். மாதாமாதம் கணக்கைச் சத்தமாக வாசியுங்கள். எழுத வாசிக்கத் தெரியாத உறுப்பினருக்கும் அது கேட்க வேண்டும்.

அடுத்த மாதம் சந்திப்போம்.