படித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள்

"படக்கதை படிக்கும் பெண் பாடம் படிக்க மாட்டாள்" என்பது பல வீடுகளில் இன்றும் வழங்கும் தீர்ப்பு. அத்தீர்ப்பை வழங்குவோருள் எத்தனை பேர் அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்கள் என்று கேட்டால், விடை கிடைப்பது அரிது. நம் பள்ளி நூலகத்தில் படக்கதைகளுக்கென ஓர் அலமாரி வைக்கலாமா, கூடாதா என்ற பேச்சு இவ்வாண்டு எழுந்துள்ளது. வைக்கலாம் என்போர் சிலர். துயரமும் இரத்தமும் நிறைந்த பக்கங்களைச் சிறுமியர் கையில் கொடுப்பதா என்று கவலைப்படுவோர் சிலர். இரு சாராரும் எங்கள் நன்மையையே நாடுகின்றனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும், படிக்கப் போகிறவர்கள் நாங்கள் அல்லவா? ஆகவே அண்மையில் நாங்கள் படித்து முடித்த சில படக்கதைகளைப் பற்றி எங்கள் கருத்தை ஒளிவு மறைவின்றி இங்கே எடுத்து வைக்கிறோம்.

படக்கதை நம் வீடுகளுக்குப் புதிய விருந்தாளி அன்று. 1967-ஆம் ஆண்டு 'அமர் சித்திரக் கதை'யும், 1972-ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து 'முத்து காமிக்ஸ்' இதழும் வெளிவரத் தொடங்கின. இரும்புக்கை மாயாவியின் பெயரைச் சொன்னதும் முகம் மலரும் தந்தையரையும் தாத்தாக்களையும் இன்றும் காணலாம். எங்கள் தலைமுறைக்குப் புதிதாக வந்திருப்பது ஜப்பானியரின் 'மாங்கா'. அதனை வலப்புறமிருந்து இடப்புறமாகப் படிக்க வேண்டும். பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படங்களே. ஒரே கதை பல தொகுதிகளாக நீளும். முதல் பத்துப் பக்கங்களில் கண் தடுமாறும். பிறகு தானே பழகிவிடும்.

முதலில் எல்லா வயதினரும் படிக்கத்தக்க ஒன்றைச் சொல்கிறோம். பெல்ஜியம் நாட்டு ஓவியர் எர்ஜே வரைந்த 'திபெத்தில் டின்டின்' 1960-இல் நூலாக வந்தது. விமான விபத்தில் இறந்துவிட்டதாக எல்லாரும் நம்பும் தன் சீன நண்பன் சாங் உயிரோடிருப்பதாக டின்டின் கனவு காண்கிறான்; அவனைத் தேடிப் பனிமலை ஏறுகிறான். இக்கதையில் வில்லன் இல்லை. துப்பாக்கிச் சண்டை இல்லை. காணாமற்போன ஓர் ஆட்டைத் தேடிப் புறப்பட்ட ஆயனின் கதைதான் எங்கள் நினைவுக்கு வந்தது. நண்பன் பிழைத்திருப்பான் என்ற நம்பிக்கை சிறிதும் இல்லாத கேப்டன் ஹாடக், முணுமுணுத்துக்கொண்டே கூட வருகிறாரே, அவரைத்தான் எங்களுக்கு மிகவும் பிடித்தது. நம்பிக்கை உள்ளவன் நடப்பதில் வியப்பில்லை. நம்பிக்கை இல்லாதபோதும் நண்பனுக்காக நடப்பவன் பெரியவன்.

இதே எர்ஜே 1930-31-ஆம் ஆண்டுகளில் 'காங்கோவில் டின்டின்' என்ற கதையை வரைந்தார். அது ஒரு கத்தோலிக்க நாளேட்டின் சிறுவர் இணைப்பில் வெளிவந்தது. ஆப்பிரிக்க மக்களை அறிவற்றவர்களாகவும் நகைப்புக்குரியவர்களாகவும் அதில் காட்டியிருக்கிறார். அதைப் படித்தபோது எங்களுக்குக் கோபமும் வெட்கமும் ஒருங்கே உண்டாயின. அடுத்து டின்டின் சீனாவுக்குப் போகப் போகிறான் என்ற அறிவிப்பு வந்தபோது, லூவேன் பல்கலைக்கழகத்தில் சீன மாணவர்களின் ஆன்ம வழிகாட்டியாக இருந்த கோசே என்ற குருவானவர் எர்ஜேக்குக் கடிதம் எழுதினார். சீன மக்களை இழிவாக வரைய வேண்டாம், முதலில் அவர்களை அறிந்துகொள்ளுங்கள் என்பதே அவர் கூறியதன் சாரம். அதோடு நில்லாமல், பிரஸ்ஸல்ஸ் நகரில் சிற்பக்கலை பயின்ற சாங் சோங்ரென் என்ற மாணவர் எர்ஜேக்கு அறிமுகமாகவும் வழி செய்தார். 1934-இல் தொடங்கிய அந்த நட்பால் எர்ஜேயின் தூரிகையே மாறிற்று. 'திபெத்தில் டின்டின்' கதையில் தேடப்படும் சாங், அந்த நண்பரின் நினைவாகப் பிறந்தவனே. உண்மை நண்பர்கள் இருவரும் பல்லாண்டுப் பிரிவுக்குப் பின் 1981-இல் மீண்டும் சந்தித்தனர்.

அருட்தந்தை கோசே அந்த இதழை யாரும் வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. கடிதம் எழுதினார், நல்ல துணையைச் சேர்த்து வைத்தார். ஒரு தடையால் விளையாத நன்மை ஒரு கடிதத்தால் விளைந்தது. எங்கள் கட்டுரையின் கருத்தும் இதுவே.

அடுத்து, கவலைக்கு முதற் காரணமான புத்தகத்திற்கு வருவோம். கெய்ஜி நாகசாவா எழுதிய 'வெறுங்கால் கென்' என்னும் மாங்கா 1973-இல் வெளிவரத் தொடங்கிப் பத்துத் தொகுதிகளாக வளர்ந்தது. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது நாகசாவா ஆறு வயதுச் சிறுவர். பள்ளியின் சுற்றுச்சுவர் அவரைக் காத்தது. தந்தையையும் தமக்கையையும் தம்பியையும் அன்றே இழந்தார். 1966-இல் தாய் இறந்து, உடலை எரித்தபின் எலும்புகூட மிஞ்சாமல் சாம்பலே கிடைத்ததைக் கண்டபிறகுதான், தாம் பட்டதை வரைந்தே தீர வேண்டும் என்று உறுதி கொண்டார்.

கதையில் சிறுவன் கென்னும் அவன் தாயும், இடிந்த வீட்டின் அடியில் சிக்கியவர்களை மீட்க முடியாமல், நெருப்பு நெருங்குவதைப் பார்த்து நிற்கும் இடத்தில் நாங்கள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டோம். மறுநாள்தான் தொடர முடிந்தது. வரலாற்றுப் பாடத்தில் ஹிரோஷிமா இரண்டு வரி. தேர்வில் இரண்டு மதிப்பெண். அந்த இரண்டு வரிக்குள் இத்தனை தாய்மார் இருந்தார்கள் என்பதை இப்புத்தகமே எங்களுக்குச் சொன்னது. போர் வேண்டாம் என்று சொன்னதற்காகக் கென்னின் தந்தையைச் சொந்த ஊராரே துரோகி என்று ஏசும் பகுதியையும் மறக்க இயலாது. மிதிபட்டும் நிமிரும் கோதுமைப் பயிரைப் போல வளருங்கள் என்று அவர் பிள்ளைகளுக்குப் போதிப்பது கதை முழுதும் ஒலிக்கிறது. குறையும் உண்டு. எதற்கெடுத்தாலும் அடிதடி, சிரிப்பு மூட்டுவதற்குக்கூடக் குத்தும் உதையுமே. இவற்றைப் பாதியாகக் குறைத்திருக்கலாம்.

இந்நூலுக்கு ஜப்பானிலேயே சிக்கல் வந்தது. மாட்சுயே நகரக் கல்வி வாரியம், இதனை மாணவர் எளிதில் எடுக்க முடியாதபடி உள்ளறையில் வைக்குமாறு 2012-இல் பள்ளிகளைக் கேட்டுக்கொண்டது. எதிர்ப்புப் பெருகவே 2013 ஆகஸ்டில் அக்கட்டுப்பாட்டை விலக்கிக்கொண்டது. ஹிரோஷிமா நகரிலேயே, அமைதிக் கல்விப் பாடநூலிலிருந்து இக்கதையை 2023-இல் நீக்கிவிட்டனர். குண்டு விழுந்த ஊரிலேயே இப்படியென்றால், நம் ஊரில் தயக்கம் எழுவதில் வியப்பென்ன? சிறு வகுப்பினருக்கு இது வேண்டாம் என்பதை நாங்களும் ஒப்புக்கொள்கிறோம். பெரிய வகுப்பினருக்கும் வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்ள இயலாது.

மூன்றாவதாக, பெண் எழுத்தாளர் யோஷிதோகி ஓய்மாவின் 'குரலின் வடிவம்'. 2013, 2014 ஆண்டுகளில் தொடராக வந்து ஏழு தொகுதிகளில் முடிந்த கதை. காது கேளாத ஷோகோ என்ற சிறுமி புதிய பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்கிறாள். ஒரு குறிப்பேட்டில் எழுதிக் காட்டிப் பேசுகிறாள். ஷோயா என்ற மாணவன் அவளை ஓயாமல் துன்புறுத்துகிறான். காதுக் கருவியைப் பிடுங்கி எறிகிறான். வகுப்பே பார்த்துச் சிரிக்கிறது. செய்தி வெளியானதும் சிரித்தவர்கள் எல்லாரும் நல்லவர்களாகி அவனை மட்டும் சுட்டிக்காட்டுகிறார்கள். பிறகு அவனையே ஒதுக்குகிறார்கள். சில ஆண்டுகளுக்குப் பின் அவன் சைகை மொழி கற்றுக்கொண்டு ஷோகோவைத் தேடி வருகிறான். அவன் கண்ணுக்கு மற்றவர் முகங்களெல்லாம் பெருக்கல் குறியிட்டு மறைக்கப்பட்டவையாகத் தெரிகின்றன. ஒருவர் நண்பரானதும் அந்தக் குறி கழன்று விழுகிறது. எழுத்தில் நான்கு பக்கம் எழுத வேண்டியதை ஒரே படத்தில் சொல்லிவிட்டார் ஆசிரியர். படக்கதையால் என்ன பயன் என்பவருக்கு இதைத்தான் காட்டுவோம்.

தோழியரே, ஒருத்தி திக்கிப் பேசும்போது வகுப்பில் எழும் சிரிப்பை நாம் அறியாதவர்களா? அடிப்பவள் ஒருத்தி என்றால், சிரிப்பவர்கள் முப்பது பேர். இக்கதை அந்த முப்பது பேரையும் பெயர் சொல்லி அழைக்கிறது. இதைப் படித்தபின் எங்களுள் நால்வர் சைகை மொழி எழுத்துகளைக் கற்கத் தொடங்கியுள்ளனர்.

ஆனாலும் எங்களுக்கு ஒரு மனத்தாங்கல். துன்புற்ற ஷோகோவே எப்போதும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். மன்னிப்பது வேறு, அடிபட்டதற்காக மன்னிப்புக் கேட்பது வேறு. முன்னது நம் ஆண்டவர் கற்பித்தது. பின்னது அச்சம் கற்பித்தது. பெண்பிள்ளை என்றால் பொறுத்துப்போக வேண்டும் என்ற எண்ணம் கதைக்குள் நுழைந்துவிட்டதோ என்று நாங்கள் நெடுநேரம் வாதிட்டோம். உயிரை மாய்த்துக்கொள்ள முயலும் பகுதியும் இக்கதையில் வருவதால், தாயோ ஆசிரியையோ உடனிருந்து பேசிக்கொண்டே படிப்பது நல்லது.

நான்காவது நூலைப் பற்றி எழுதலாமா என்று தயங்கினோம். ஈரானில் வளர்ந்த மர்ஜான் சத்ராபி, தம் வாழ்வையே வரைந்த 'பெர்செபோலிஸ்' அது. பிரெஞ்சு மொழியில் 2000 முதல் 2003 வரை நான்கு தொகுதிகளாக வெளிவந்தது. 1979-ஆம் ஆண்டுப் புரட்சியின்போது அவருக்கு ஒன்பது வயது. சிறுமி மர்ஜி இரவில் கடவுளோடு பேசுவாள். தானும் ஓர் இறைவாக்கினராக வேண்டும் என்று ஆசைப்படுவாள். அவளுக்கு அன்பான சித்தப்பாவைக் கொன்றுவிட்ட செய்தி வந்ததும், கடவுளைப் பார்த்து வெளியே போ என்று கத்துகிறாள். இது நம் வீட்டுப் பெரியவர்களைத் துணுக்குறச் செய்யலாம். ஆனால் திருவிவிலியத்தில் யோபு முறையிடவில்லையா? திருப்பாடல்களில் அழுகுரல் இல்லையா? கடவுளோடு சண்டையிடுபவள் கடவுளை மறந்தவள் அல்லள் என்பது எங்கள் எண்ணம்.

பின்னர் வியன்னாவில் கன்னியர் நடத்தும் விடுதியில் தங்கும்போது, ஈரானியர் அனைவரையும் இழித்து ஒரு சகோதரி பேசிவிடுகிறார். மர்ஜியும் அதைவிடக் கொடிய சொல்லால் திருப்பித் தாக்கி, விடுதியை விட்டு வெளியேற்றப்படுகிறாள். கன்னியர் நடத்தும் பள்ளியில் பயிலும் எங்களுக்கு இப்பகுதி கசந்தது. எங்களுக்குத் தெரிந்த அருட்சகோதரியர் அப்படிப்பட்டவர் அல்லர். எனினும், ஒருவர் செய்ததைக் கொண்டு ஓர் இனத்தையோ ஒரு சபையையோ எடைபோடுவது தவறு என்பதை இரு தரப்பாரும் மறந்த இடம் அது. இதனைப் படித்துவிட்டு ஓர் அருட்சகோதரி எங்களோடு உரையாடினால் எத்துணைப் பயன் விளையும்! 2013-இல் சிகாகோ நகரப் பள்ளிகளின் வகுப்பறைகளிலிருந்து இந்நூலை அகற்றச் சொன்னபோது, மாணவர்களே கூடி எதிர்ப்புத் தெரிவித்தனர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

இனி, எல்லாரும் புகழ்ந்தும் எங்களை நிறைவு செய்யாத ஒன்று. மசாஷி கிஷிமோட்டோவின் 'நருட்டோ' 1999 முதல் 2014 வரை ஓடி, 72 தொகுதிகளை எட்டியது. ஊரே வெறுக்கும் தனிமைச் சிறுவன் முயற்சியால் முன்னேறுவது தொடக்கத்தில் நெஞ்சைத் தொடுகிறது. போகப் போகச் சண்டைக்கு மேல் சண்டை. செத்தவரும் எழுந்து வந்து சண்டை! சகுரா என்ற பெண் மருத்துவமும் கற்று, மலையைப் பிளக்கும் வலிமையும் பெறுகிறாள். பெற்று என்ன? திரும்பிப் பாராத ஒருவனுக்காக ஏங்குவதே அவள் பெரும்பணியாகிவிடுகிறது. எங்களுக்குச் சகுராவின் மருத்துவமனைக் கதைதான் வேண்டியிருந்தது. நூலகப் பணத்தை 72 தொகுதிகளில் போடுவதைவிட, நாம் சொன்ன நல்ல நூல்களை வாங்கலாம்.

பெற்றோர் பெருமக்களே, அருட்சகோதரியரே! அலமாரியைப் பூட்டினால் படக்கதை நின்றுவிடாது. கைப்பேசியில் வந்து சேரும். அங்கே வயது பார்ப்பவர் இல்லை. சந்தேகம் கேட்டால் விடை சொல்பவரும் இல்லை. நூலகத்தில் இருந்தாலோ, நாங்கள் என்ன படிக்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆதலால் மூன்று வேண்டுகோள். ஒவ்வொரு நூலையும் அலமாரியில் வைக்குமுன் ஓர் ஆசிரியை, ஒரு பெற்றோர், ஒரு மாணவி ஆகிய மூவரும் முழுமையாகப் படிக்கட்டும். எவ்வகுப்பினர்க்கு உரியது என்ற குறிப்பை முதற்பக்கத்தில் எழுதட்டும். அலமாரியருகே ஒரு குறிப்பேடு இருக்கட்டும். படித்தவள் தன் கருத்தை நான்கு வரியேனும் அதில் எழுதிய பிறகே அடுத்த நூலை எடுக்கட்டும்.

தோழியரே, நமக்கும் கடமை உண்டு. வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டுப் படிப்போம். பாடநூலுக்குள் ஒளித்துப் படிக்கும் வழக்கத்தை விடுவோம். ஓசியில் கிடைக்கிறதென்று குப்பையைச் சேர்க்காமல், நல்லதைத் தேர்ந்து கொள்வோம். எந்தப் புத்தகத்தை மூடியபின் பக்கத்து இருக்கைத் தோழியின் முகத்தைப் புதிதாகப் பார்க்கத் தோன்றுகிறதோ, அதுவே நல்ல புத்தகம். அதில் படம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?