ஏபிஐ கேட்வேக்கள் ஏன் மீண்டும் மீண்டும் புதிதாகப் பிறக்கின்றன?

திறந்த மூல மென்பொருள் உலகில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதியதொரு ஏபிஐ கேட்வே தோன்றுகிறது. ஜூல், காங், டைக், டிராஃபிக், என்வாய், ஏபிஐசிக்ஸ், என்வாய் கேட்வே என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. இதற்கு வகுப்பறைகளிலும் கருத்தரங்குகளிலும் பொதுவாக இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. புதியது பழையதைவிட வேகமானது என்பது ஒன்று. பொறியாளர்களின் புதுமை மோகமும் நிறுவனங்களின் வணிகப் போட்டியுமே காரணம் என்பது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் குறிப்பிட்ட ஒரு கேட்வே ஏன் அந்த ஆண்டில், அந்த வடிவத்தில் பிறந்தது என்ற கேள்விக்கு இரண்டுமே விடை தருவதில்லை.

ஒவ்வொரு கேட்வேயும், தன் காலத்துப் பின்தளக் கட்டமைப்பு எப்படி இயங்கும் என்பது பற்றிய சில அனுமானங்களின் மேல் கட்டப்படுகிறது. சேவைகள் எத்தனை, அவற்றின் முகவரிகள் எவ்வளவு காலம் மாறாமல் இருக்கும், வழித்தட விதிகளை எழுதுபவர் யார், அவ்விதிகள் எங்கே சேமிக்கப்படும், ஒரு கோரிக்கை எவ்வளவு நேரம் நீடிக்கும் ஆகியவையே அந்த அனுமானங்கள். பின்தளம் மாறும்போது இவற்றில் ஏதேனும் ஒன்று பொய்த்துப்போகிறது. வசதி ஒன்று குறைவாக இருந்தால் பழைய மென்பொருளிலேயே அதைச் சேர்த்துவிடலாம். அடித்தள அனுமானமே பொய்த்துவிட்டால் ஒட்டுப்போட்டுச் சரிசெய்வது கடினம். புதிய கேட்வே பிறப்பது அந்தப் புள்ளியில்தான்.

கேட்வே செய்யும் வேலை அடிப்படையில் எளிமையானது. கைப்பேசிச் செயலியோ உலாவியோ அனுப்பும் கோரிக்கை, பின்னால் இருக்கும் பல சேவைகளுள் எதற்குப் போக வேண்டும் என்று முடிவுசெய்து அனுப்புகிறது. கூடவே, அனுப்பியவர் யார் என்று சரிபார்க்கிறது, ஒருவர் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை கேட்கலாம் என்று வரம்பிடுகிறது, நடந்ததைப் பதிவுசெய்கிறது. பின்தளம் ஒற்றைப் பெரிய நிரலாக இருந்த காலத்தில் இவை அந்த நிரலுக்குள்ளேயே நடந்தன. நிரல் பல நுண்சேவைகளாகப் பிரிந்தபோது, ஒவ்வொன்றிலும் இவற்றைத் திரும்ப எழுதுவதைவிட வாசலில் ஒரே இடத்தில் வைப்பது வசதியாயிற்று.

இந்த வரலாற்றைத் தொடங்க வேண்டிய இடம் என்ஜின்எக்ஸ். ஒரே சர்வர் ஒரே நேரத்தில் 10,000 இணைப்புகளைத் தாங்குமா என்ற கேள்வியை 1999-இல் டேன் கெகல் எழுப்பினார். இகோர் சிசோயெவ் 2002-இல் எழுதத் தொடங்கி 2004-இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் அதற்கான வலுவான விடைகளுள் ஒன்று. இணைப்புக்கு ஒரு த்ரெட் என்று ஒதுக்காமல், சில செயல்முறைகளே ஆயிரக்கணக்கான இணைப்புகளைக் கவனிக்கும் முறை அது. ஆனால் அதன் வழித்தட விதிகள் ஒரு கோப்பில் எழுதப்பட்டன. கோப்பை மாற்றினால் மென்பொருள் அதை மீண்டும் படிக்க வேண்டும். சர்வர்களின் முகவரிகள் மாதக்கணக்கில் மாறாதிருந்த காலத்துக்கு அது முற்றிலும் பொருத்தமான வடிவமைப்பு.

நெட்ஃபிளிக்ஸ் 2013-இல் திறந்த மூலமாக வெளியிட்ட ஜூல் வேறொரு தேவையிலிருந்து வந்தது. பலவகைக் கருவிகளிலிருந்து வரும் கோரிக்கைகளுக்கான விதிகளை, கேட்வேயை நிறுத்தாமலேயே மாற்ற வேண்டியிருந்தது. அதற்காக, இயங்கிக்கொண்டிருக்கும்போதே ஏற்றிக்கொள்ளத்தக்க சிறு வடிகட்டிகளாக விதிகள் எழுதப்பட்டன. ஆயினும் முதல் ஜூல் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு த்ரெட்டை ஒதுக்கியது. பின்னால் இருக்கும் ஒரு சேவை தாமதித்தால் வாசலில் த்ரெட்கள் குவிந்தன. சேவைகள் விரைவில் பதிலளிக்கும் என்ற அனுமானம், சேவைகள் பெருகப் பெருக வலுவிழந்தது. நெட்ஃபிளிக்ஸ் அதை நெட்டியின் மேல் முழுவதுமாகத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. இரண்டாம் ஜூல் 2018-இல் திறந்த மூலமாக வந்தது. பெரிதும் செயலியின் திறனைச் சார்ந்த இடங்களில் எதிர்பார்த்த அளவு வேக ஆதாயம் கிடைக்கவில்லை என்பதையும், பிழை தேடுவது கடினமாயிற்று என்பதையும் அதன் பொறியாளர்களே எழுதியிருக்கிறார்கள். மிகுதியான இணைப்புகளைக் குறைந்த செலவில் தாங்குவதே அவர்கள் பெற்ற முதன்மையான பயன். வேகம்தான் புதிய கேட்வேக்கான காரணம் என்போர் கவனிக்க வேண்டிய செய்தி இது.

இந்த மாற்றத்தின் அலை இந்தியப் பொதுச் சேவைகள் வரை வந்தது. பெங்களூருவின் இ-கவர்ன்மென்ட்ஸ் அறக்கட்டளை உருவாக்கிய டிஜிட் என்னும் திறந்த மூலத் தளம், பல மாநிலங்களின் நகராட்சிச் சேவைகளுக்கு அடித்தளமாக இருக்கிறது. அதன் வாசலில் முதலில் ஜூல் அடிப்படையிலான கேட்வே இருந்தது. ஸ்பிரிங் கிளவுட் திட்டம் 2018 டிசம்பரில் ஜூலுக்கான தன் ஆதரவை வெறும் பராமரிப்பு நிலைக்குக் குறைத்தது. பின்னர் டிஜிட்டும் ஸ்பிரிங் கிளவுட் கேட்வேக்கு மாறியது. கலிஃபோர்னியாவின் படக்காட்சி நிறுவனம் ஒன்றின் தேவைக்காக எழுந்த அனுமானம், சொத்துவரி செலுத்தும் குடிமகனின் கோரிக்கை செல்லும் பாதையையும் தீர்மானிக்கிறது. கேட்வேயின் தேர்வு வெறும் தொழில்நுட்ப ருசி சார்ந்ததன்று.

அடுத்த விரிசல் முகவரியில் விழுந்தது. 2015-இல் வெளிவந்த காங், என்ஜின்எக்ஸின் மேல் லுவா மொழியில் எழுதப்பட்டது. வழித்தட விதிகளை அது கோப்பிலிருந்து போஸ்ட்கிரெஸ் அல்லது கசாண்ட்ரா தரவுத்தளத்துக்கு மாற்றியது. ஒவ்வொரு காங் சர்வரும் மாற்றம் ஏதேனும் உண்டா என்று தரவுத்தளத்தை இயல்பாக 5 வினாடிக்கு ஒருமுறை கேட்கும். நிர்வாகி ஒருவர் அவ்வப்போது புதிய ஏபிஐயைச் சேர்க்கும் உலகில் 5 வினாடி ஒரு பொருட்டே அல்ல. அதே 2015-இல்தான் குபர்நெடிஸின் முதல் பதிப்பும் வந்தது. அங்கே சேவையின் பிரதிகள் நொடிக்கு நொடி பிறந்து மடியும். ஒவ்வொன்றுக்கும் புதிய முகவரி. 2019-இல் தொடங்கி 2020-இல் அப்பாச்சியின் உயர்நிலைத் திட்டமான ஏபிஐசிக்ஸ், விதிகளை எட்சிடியில் வைத்தது. குபர்நெடிஸும் தன் நிலையை அதில்தான் சேமிக்கிறது. எட்சிடியில், மாற்றம் உண்டா என்று கேட்கத் தேவையில்லை. மாற்றம் நிகழ்ந்த உடனே அது தானாக அறிவிக்கும். காங்கும் வாளாவிருக்கவில்லை, 2019-இலேயே தரவுத்தளம் இல்லாமல் இயங்கும் முறையைக் கொண்டுவந்தது. பழைய மென்பொருள் கற்றுக்கொள்ளாது என்பதன்று; கற்றுக்கொள்ளும்போது அது தன் பழைய வடிவத்தையும் சேர்த்தே சுமக்க வேண்டியிருக்கிறது.

என்வாய் தகர்த்த அனுமானம் இன்னும் ஆழமானது. கோரிக்கைகள் வெளியிலிருந்து உள்ளே வருகின்றன, ஆகவே காவல் வாசலில் இருந்தால் போதும் என்று அதுவரை கருதப்பட்டது. நுண்சேவைகள் பெருகிய பின், சேவைகள் தமக்குள் பேசிக்கொள்வது வெளியிலிருந்து வரும் போக்குவரத்தை விஞ்சியது. பல மொழிகளில் எழுதப்பட்ட சேவைகளைக் கொண்டிருந்த லிஃப்ட் நிறுவனத்தில் மேட் கிளைன் உருவாக்கிய என்வாய், 2016-இல் திறந்த மூலமாயிற்று. ஒவ்வொரு சேவையின் அருகிலும் ஒன்றாக நிற்கத்தக்க இடைமுகவராகவும், வாசலில் நிற்கத்தக்க கேட்வேயாகவும் அது அமைந்தது. 2015-இல் தரப்படுத்தப்பட்ட எச்டிடிபி 2-ஐயும் அதன் மேல் அமைந்த ஜிஆர்பிசியையும் இரு பக்கமும் பேச வல்லதாக அது தொடக்கத்திலிருந்தே இருந்தது. விதிகளைக் கோப்பிலிருந்தன்றி, வேறொரு கட்டுப்பாட்டு நிரலிடமிருந்து இடைவிடாமல் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடே அதன் மிகப் பெரிய பங்களிப்பு.

நான்காவது விரிசல் மனிதர்களைப் பற்றியது. ஒரு நிறுவனம் வடிவமைக்கும் அமைப்பு, அந்நிறுவனத்தின் தகவல்தொடர்பு அமைப்பையே ஒத்திருக்கும் என்று மெல்வின் கான்வே 1968-இல் எழுதினார். குபர்நெடிஸின் இங்கிரஸ் விதி, பெயரையும் பாதையையும் மட்டுமே அறிந்திருந்தது. மற்றவை அனைத்தும் குறிப்புரைகளாகச் செருகப்பட்டன. ஒவ்வொரு கேட்வேக்கும் ஒவ்வொரு வகைக் குறிப்புரை. யார் எதை மாற்றலாம் என்ற பிரிவும் இல்லை. 2023 அக்டோபரில் முதல் பதிப்பை எட்டிய கேட்வே ஏபிஐ, கட்டமைப்பை வழங்குபவர், தொகுப்பை நிர்வகிப்பவர், செயலியை எழுதுபவர் ஆகிய மூவருக்கும் தனித்தனி உரிமை எல்லைகளை வகுத்தது. என்வாய் கேட்வே போன்ற திட்டங்கள் இந்தப் பிரிவினையைச் செயல்படுத்தவே எழுந்தன. மைய அணி ஒன்றே எல்லா விதிகளையும் எழுதும் என்ற அனுமானம், நூற்றுக்கணக்கான அணிகள் கொண்ட நிறுவனங்களில் நிலைக்க முடியாது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். காங்கும் ஏபிஐசிக்ஸும் என்ஜின்எக்ஸின் மேல் நிற்கின்றன. என்வாய் கேட்வேயும் வேறு பலவும் என்வாயின் மேல் நிற்கின்றன. அப்படியானால் புதுமை எங்கே? இந்த மறுப்பு வாதத்தைக் கூர்மையாக்கவே செய்கிறது. கோரிக்கையைச் சுமந்து செல்லும் உட்கரு அரிதாகவே மாறுகிறது. அதை ஆளும் பகுதிதான் அடிக்கடி மாறுகிறது. உட்கரு மாறும்போதும் ஓர் அனுமானம் பொய்த்ததே காரணமாக இருக்கிறது. என்ஜின்எக்ஸில் ஒவ்வொரு செயல்முறையும் தன் இணைப்புகளைத் தனியே வைத்துக்கொள்ளும். ஒன்றின் இணைப்பை மற்றொன்று பயன்படுத்த இயலாது. இந்தத் தடையை நீக்க கிளவுட்ஃப்ளேர் ரஸ்ட் மொழியில் பிங்கோராவை எழுதியது. ஒரு பெரிய வாடிக்கையாளரின் இணைப்பு மறுபயன்பாடு 87.1 சதவீதத்திலிருந்து 99.92 சதவீதமாக உயர்ந்தது என்று 2022-இல் அறிவித்த அந்நிறுவனம், 2024-இல் பிங்கோராவைத் திறந்த மூலமாக்கியது.

வணிக நோக்கம் இல்லை என்று சொல்வதற்கில்லை. பெரும்பாலான கேட்வேக்களின் பின்னால் ஒரு நிறுவனம் உண்டு. இலவசப் பதிப்புக்கு அப்பால் விற்பனைப் பதிப்பும் உண்டு. ஆனால் வணிகம் பணத்தையும் விளம்பரத்தையும் தரும், விரிசலை உண்டாக்காது. விரிசல் இல்லாத இடத்தில் அறிமுகமாகும் கேட்வே, அறிமுகவிழாவோடு மறக்கப்படும்.

இன்று திறந்துகொண்டிருக்கும் விரிசல் பெருமொழி மாதிரிகளால் வந்தது. கேட்வேக்களின் வரம்புக் கணக்கு, கோரிக்கைகள் ஏறத்தாழ ஒரே எடையுள்ளவை என்ற அனுமானத்தில் நிற்கிறது. மாதிரிக்கு அனுப்பும் ஒரு கோரிக்கை சில நூறு டோக்கன்களோடும் முடியலாம். ஒரு லட்சத்தையும் தொடலாம். உண்மைச் செலவு, பதில் முழுவதும் பாய்ந்து முடிந்த பிறகே தெரியவரும். நிமிடத்துக்கு 60 கோரிக்கை என்ற விதி இங்கே பொருளற்றது. டோக்கன்களை எண்ணும் கேட்வேக்கள் வரிசையாக வருவதை மோகம் என்று ஒதுக்குவோர் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

பிறப்புக்குக் காரணம் இருப்பதால் செலவு இல்லாமற் போகாது. குபர்நெடிஸ் சமூகம் பராமரித்த, மிகப் பரவலாகப் பயன்பட்ட இங்கிரஸ் என்ஜின்எக்ஸ் திட்டம் ஓய்வுபெறும் என்று 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. 2026 மார்ச்சுக்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தங்களும் கிடையா. உலகெங்கும் எண்ணற்ற நிறுவனங்களின் வாசலில் நின்ற அந்த மென்பொருளை, ஓரிருவர் வேலை நேரத்துக்குப் பிறகும் வார இறுதிகளிலும் காத்துவந்தார்கள். குறிப்புரைகள் வழியே எதையும் செருகலாம் என்ற நெகிழ்ச்சி, காலப்போக்கில் பாதுகாப்புக் குறையாகவும் தீராத பராமரிப்புச் சுமையாகவும் மாறியிருந்தது. புதியதைப் படைக்கக் கூடும் கைகள், பழையதைக் காக்கக் கூடுவதில்லை.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் பொறுப்பு இங்கேதான் தொடங்குகிறது. கேட்வேக்களைப் பற்றிய மாணவர் ஆய்வேடு பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்படுகிறது: மூன்று கேட்வேக்களை ஒரே கணினியில் நிறுவி, நொடிக்கு எத்தனை கோரிக்கை என்று அளந்து, வரைபடம் தீட்டி, வென்றதை அறிவிப்பது. மாறாத முகவரிகளும் உடனே பதிலளிக்கும் ஒற்றைச் சேவையும் கொண்ட அந்தச் சோதனையில், கேட்வேக்கள் பிறக்கக் காரணமான எந்த நெருக்கடியும் எழுவதே இல்லை. சேவை ஒன்று தாமதித்தால் என்ன ஆகும், நூறு முகவரிகள் ஒரே நொடியில் மாறினால் விதிகள் எப்போது சென்றுசேரும், ஒரு அணியின் தவறான விதி அடுத்த அணியைப் பாதிக்குமா, கட்டுப்பாட்டு நிரல் செயலிழந்தால் போக்குவரத்து தொடருமா? ஆய்வு அளக்க வேண்டியவை இவையே.

பொருளின் பெயரைக் கற்ற மாணவரின் அறிவு, அந்தப் பொருள் ஓய்வுபெறும் நாளில் தானும் ஓய்வுபெறும். அதன் அனுமானத்தைக் கற்றவர் அடுத்த கேட்வே வரும்போது கேட்க வேண்டிய கேள்வியை அறிந்திருப்பார்: பின்தளத்தில் எது மாறியதால் இது தேவைப்பட்டது? அந்த மாற்றம் தன் நிறுவனத்தில் நிகழாதவரை, பழைய என்ஜின்எக்ஸே போதும் என்று சொல்லும் துணிவும் அவருக்கு இருக்கும். நிகழ்ந்திருந்தால், புதியதை நிறுவுவதோடு நிற்காமல் அதைப் பராமரிக்கும் ஓரிருவரோடு மூன்றாமவராகச் சேரும் கடமையும் அவருக்கு உண்டு.