ரெண்டு ஷாக் அப்சார்பர் எதுக்கு? பிரேக்கைப் பாருங்க மாப்ளே!

என் அக்கா மகனுக்கு முப்பத்து நாலு வயசு. போடிநாயக்கனூரில் ஒரு ஏலக்காய்க் கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறான். காலையில் உட்கார்ந்தால் சாயந்தரம் ஏழு மணிக்குத்தான் எழுந்திருப்பான். நடுவில் நாலு டீ, ரெண்டு வடை. போன வருஷம் ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பார்த்ததில் சர்க்கரை எல்லைக் கோட்டில் வந்து நின்றது. "மாத்திரை இப்ப வேணாம். தினமும் உடம்பை அசைங்க, போதும்" என்றார் டாக்டர்.

"வாக்கிங் எல்லாம் பெரிசுங்க சமாச்சாரம், மாமா. நான் மலை சைக்கிள் ஓட்டப் போறேன்" என்றான் பையன். எனக்கும் சந்தோஷம்தான். வாசலில் நின்று பார்த்தாலே மலை தெரிகிற ஊரில் பிறந்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான உடற்பயிற்சி ஏது?

வாங்கிக் கொண்டு வந்தான் பாருங்கள் ஒரு சைக்கிள்! முன்னால் ஒரு ஷாக் அப்சார்பர், நடுவில் ஒரு ஷாக் அப்சார்பர், 21 கியர், தடித்தடியாக ஃபிரேம். தூக்கிப் பார்த்தேன், இடுப்பு பிடித்துக் கொண்டது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அதை ஒரு லோடு ஆட்டோவில் போட்டுப் போடிமெட்டுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து இறங்கி வந்திருக்கிறான். "மிதிக்கவே வேணாம் மாமா, அதுவா இறங்கிடும்" என்று அதற்கு முந்தின நாள்தான் என்னிடம் பெருமை அடித்துக் கொண்டான்.

அதுவாகத்தான் இறங்கியது. மேலே பனிமூட்டம். ரிம் நனைந்து கிடக்கிறது. ஒரு கொண்டை ஊசி வளைவில் பிரேக்கை அழுத்துகிறான், கைப்பிடி ஹேண்டில்பாரைத் தொடுகிறது, வண்டி நிற்கவில்லை. புத்தி இருந்ததால் பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப் பக்கமாகத் திருப்பிப் பாறையில் மோதினான். காறை எலும்பு முறிவு. தலையில் ஏழு தையல். ஹெல்மெட்டா? "அடுத்த மாசம் வாங்கலாம்னு இருந்தேன் மாமா!"

அக்கா அந்த சைக்கிளை மாடிப்படிக்கு அடியில் தள்ளிப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்து கொண்டாள். "இனிமே இந்த வீட்டுல சைக்கிள் பேச்சே கூடாது!"

எனக்கென்னவோ ரெண்டு பேருமே தப்பு என்றுதான் படுகிறது. சைக்கிளை விட்டால் பையனுக்குச் சர்க்கரை வரும். அதே சைக்கிளில் அதே மாதிரி போனால் என்ன வரும் என்று சொல்ல வாய் கூசுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அதற்கு லட்ச ரூபாய் வேண்டாம். இருக்கிற பணத்தை எந்தச் சாமானில் போடுவது என்று தெரிந்தால் போதும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். போடியிலிருந்து போடிமெட்டு சுமார் 26 கிலோமீட்டர். முந்தல் தாண்டினால் ஏற்றம், 17 கொண்டை ஊசி வளைவுகள். உயரத்தில் கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் ஏறுகிறோம். ஆளும் வண்டியும் சேர்த்து 80 கிலோ என்று வையுங்கள். அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்க, காலும் இதயமும் நுரையீரலும் சேர்ந்து 750-லிருந்து 900 கலோரி வரை எரிக்க வேண்டும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மேலேயே கணக்கு தீர்ந்து விடும். டாக்டர் கேட்டது இதைத்தான்.

சரி, இறங்கும்போது? ஏறும்போது சேர்த்து வைத்த சக்தி எங்கே போகும்? கொஞ்சம் காற்றுக்கு. மீதியெல்லாம் பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் சூடாகப் போகும். மொத்தமும் பிரேக்குக்கே போனால், இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு அது! கட்டை விரல் நீளத்துக்கு நாலு ரப்பர் துண்டுகள், ரெண்டு ஒயர், ரெண்டு ரிம். இவ்வளவுதான் அந்தச் சூட்டைத் தாங்க வேண்டும். இதில் மிச்சம் பிடித்துவிட்டு, ஷாக் அப்சார்பரில் பணத்தைக் கொட்டினால் எப்படி?

அந்தக் காலத்திலேயே நம் மலையில் இறக்கத்துக்கு மரியாதை கொடுத்திருக்கிறார்கள். மூணாறுத் தேயிலையை டாப் ஸ்டேஷன் வரை குட்டி ரயிலில் கொண்டு வந்து, அங்கிருந்து கொட்டகுடிக்கு ரோப்வேயில் இறக்கி, பிறகு வண்டி கட்டிப் போடிக்குக் கொண்டு வந்தார்கள். 1924 வெள்ளம் அந்த ரயிலைக் கொண்டு போய்விட்டது.

மலை சைக்கிள் விளையாட்டு பிறந்த கதையிலும் பிரேக்தான் கதாநாயகன். அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாகாணத்தின் மரின் கவுன்ட்டியில் சில இளைஞர்கள், 1930, 40-களில் செய்த பழைய தடித்த டயர் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, மலைப்பாதையில் இறங்கப் பந்தயம் வைத்தார்கள். முதல் பந்தயம் 1976 அக்டோபர் 21. பின்சக்கர அச்சுக்குள்ளேயே இருக்கும் பழைய பிரேக், கீழே வந்து சேர்வதற்குள் சூடாகி, உள்ளே வைத்த கிரீஸ் புகைந்து காலியாகி விடுமாம். ஒவ்வொரு தடவையும் கழற்றி மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பந்தயத்துக்கு ரீபேக் என்று பெயர். இருபது வருஷம் கழித்து, 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அந்த விளையாட்டு சேர்ந்து விட்டது. ஆரம்பம் என்னவோ பழைய சாமான் கடைச் சரக்குதான்! (அவர்களும் பல சமயம் மலை மேலே பிக்கப் வண்டியில்தான் போனார்கள். இதை மட்டும் மாப்பிள்ளையிடம் சொல்லி விடாதீர்கள்.)

ஆகவே கடைக்குப் போகும்போது முதலில் ரிம்மைப் பாருங்கள். எவர்சில்வர் டம்ளர் மாதிரி பளபளவென்று மின்னுகிறதா? உஷார். அது குரோம் பூசிய இரும்பாக இருக்கலாம். நனைந்துவிட்டால் பிரேக் ரப்பர் அதில் வழுக்கும். அலுமினிய அலாய் ரிம்தான் நமக்கு வேண்டும். கண்டுபிடிப்பது ரொம்ப சுலபம். வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறீர்களே காந்தப் பொம்மை, அதை ஒன்று எடுத்துக் கொண்டு போங்கள். ரிம்மில் ஒட்டினால் இரும்பு. கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

பையனின் சைக்கிளில் நான் வைத்துப் பார்த்தேன். பச்சக்கென்று ஒட்டியது.

"டிஸ்க் பிரேக் நல்லதா?" என்று கேட்கிறார்கள். நல்லதுதான். சேற்றிலும் மழையிலும் பிடிக்கும். ஆனால் குறைந்த விலை சைக்கிளில் வரும் டிஸ்க்கெல்லாம் பெயருக்கு டிஸ்க். அடிக்கடி சரிசெய்து கொண்டே இருக்க வேண்டும். டிஸ்க்குக்கென்று செய்யாத ஃபிரேமிலும் வீலிலும் பின்னால் அதை மாட்டவும் முடியாது. அலாய் ரிம்மும், இரு பக்கமும் நீளக் கை வைத்த வி-பிரேக்கும், புது ரப்பர் கட்டையும், பிசிறு இல்லாத புது ஒயரும் இருந்தால் நம்மைப் போன்றவர்களுக்குத் தாராளம். கட்டையும் ஒயரும் சைக்கிளில் விலை குறைந்த சாமான்கள். தேயும் வரை காத்திருக்காமல் மாற்றுங்கள்.

அடுத்து கியர். 21 கியர் என்றால் 21 விதமாக ஓட்டலாம் என்று நினைக்கக் கூடாது. முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. அதில் பாதி ஒன்றுக்கொன்று சமம். மலைக்காரன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "இருக்கிறதிலேயே லேசான கியர் எது?" நம் தாத்தா காலத்துக் கறுப்பு சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றால், ஒரு சுற்று மிதிக்கும்போது வண்டி 5 மீட்டருக்கு மேல் ஓடும். சமதரையில் சுகம், மலையில் முட்டி கழன்று விடும். முன்னால் 28, பின்னால் 34 பல் என்றால் ஒரு சுற்றுக்கு ஒன்றே முக்கால் மீட்டர்கூட ஓடாது. நிமிஷத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஆறு கிலோமீட்டர் வேகம். வேகமாக நடப்பவர் நம்மைத் தாண்டிப் போவார். போகட்டுமே! நம் முட்டிக்கு வலி இல்லை, மூச்சு இறைக்காது.

பின்னால் 28 பல்லோடு வந்த சைக்கிளாக இருந்தால், 34 பல் ஃப்ரீவீல் மட்டும் தனியாக வாங்கி மாட்டிக் கொள்ளலாம். அவ்வளவு பெரிய பல்லுக்குச் செயினைத் தள்ளிப் போடும் அளவு பின் கியருக்கு நீளம் இருக்கிறதா, செயின் நீளம் போதுமா என்று மெக்கானிக்கிடம் கேட்டுக் கொள்ளுங்கள். புது சைக்கிள் வாங்குவதைவிட இது எவ்வளவோ சிக்கனம்.

டயர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரெண்டு அங்குல அகலம் இருந்தால் அதுவே பாதி ஷாக் அப்சார்பர். காற்று எவ்வளவு என்பது டயர் ஓரத்திலேயே அச்சடித்திருக்கும். சீமைக் கருவேல முள் எந்த டயரையும் விடாது. ஒரு டியூப், பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான் பையில் இருக்கட்டும்.

ஷாக் அப்சார்பர்? விலை குறைந்த சைக்கிளில் நடு ஷாக் அப்சார்பர் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. கனம் கூடும். ஏறும்போது நாம் மிதிக்கிற மிதியில் ஒரு பங்கை அதுவே குதித்துக் குதித்துத் தின்று விடும். அந்தப் பணத்தில் நல்ல ஹெல்மெட் வாங்குங்கள். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடக் கூடாது, பார்க்க முழுசாக இருந்தாலும்.

இன்னும் சைக்கிளே வாங்கவில்லையா? ரொம்ப நல்லது. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு தந்த சைக்கிள் எத்தனை வீட்டில் சும்மா நிற்கிறது! அதை ஓவராயில் பண்ணி, ஒரு மாதம் சமதரையில் ஓட்டுங்கள். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்தால், பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அதுதான் சரியான சீட் உயரம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிஷம். தினம் அரை மணி வீதம் ஐந்து நாள். மிதிக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த அளவு மூச்சு வாங்கினால் போதும். ஒரு மாதம் கழித்தும் ஆசை தீரவில்லை என்றால் பணத்தை எடுங்கள். நாற்பது தாண்டியவர்கள், பி.பி. உள்ளவர்கள், நெஞ்சில் எப்போதாவது பிடித்தது போல் இருந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் மலைப் பக்கம் திரும்ப வேண்டாம். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் பையில் குளுக்கோஸ் வைத்திருக்க வேண்டும்.

எங்கே ஓட்டுவது? இங்கேதான் எனக்குப் பயம் ஜாஸ்தி. மலை சைக்கிள் கையில் வந்ததும் தார் ரோட்டை விட்டுக் காட்டுக்குள் நுழையக் கை பரபரக்கும். 2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணி மலையில் என்ன நடந்தது என்பதைப் போடிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி 23 உயிர்கள் போயின. காய்ந்த புல்லில் தீ ஓடும் வேகத்துக்கு ஆளும் ஓட முடியாது, சைக்கிளும் ஓடாது. அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கென்றே தமிழக அரசு விதிமுறை கொண்டு வந்தது. அனுமதியில்லாமல் வனத்துக்குள் போவது குற்றம். யானையும் உண்டு. 2023-ல் சின்னக்கானல் பக்கம் பிடித்துக் கொண்டுபோய் விட்ட அரிக்கொம்பன் கம்பம் டவுனுக்குள்ளேயே வந்து நின்றதே!

தார் ரோட்டிலும் நேரம் பார்க்க வேண்டும். காலையில் ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளும், சாயந்தரம் அதே ஜீப்புகள் திரும்புவதும் நமக்கு ஆகாத நேரம். தோட்டத்து மண் ரோடு அழகுதான், ஆனால் முதலாளியிடம் கேட்டுக்கொண்டு போக வேண்டும். மருந்து அடிக்கிற நாளில் கேட்கவே வேண்டாம், திரும்பி விடுங்கள். மூச்சு வாங்க மிதிக்கிறவன் உள்ளே இழுக்கும் காற்று சும்மா நிற்பவனைவிடப் பல மடங்கு. புதிதாக ஆரம்பிப்பவர்களுக்குக் கொட்டகுடி ஆற்றுப் பக்கம் மாந்தோப்பும் இலவ மரமுமாக இருக்கிற மண் பாதைகளே போதும்.

மலையில் இறங்கும்போது பிரேக்கை அழுத்தியபடியே வராதீர்கள். வளைவுக்கு முன்னாலேயே ரெண்டு பிரேக்கும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டு விடுங்கள். நாலு வளைவுக்கு ஒருமுறை நிறுத்தி ரிம்மை ஆற விடுங்கள். ரொம்பச் சூடானால் உள்ளே டியூப்கூட வெடிக்கும். ஏறி வராதவன் இறங்கக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். லோடு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டு போய் இறங்கி வருவதில் ஆபத்து மட்டும் முழுசாக இருக்கிறது, உடற்பயிற்சி எங்கே இருக்கிறது?

பையனின் எலும்பு கூடிவிட்டது. ரெண்டு வீலுக்கும் அலாய் ரிம், புதுக் கட்டை, புது ஒயர், 34 பல் ஃப்ரீவீல் போட்டிருக்கிறோம். நடு ஷாக் அப்சார்பரை என்ன செய்ய, அது ஃபிரேமோடு வந்த சனி. போன ஞாயிறு நானும் என் பழைய வண்டியில் கூடப் போனேன். நாலாவது கொண்டை ஊசி வரை ஏறி, ஆற அமர உட்கார்ந்து, திரும்பி வந்தோம்.

சாவி இன்னமும் அக்காவின் முந்தானையில்தான். கிளம்புவதற்கு முன் அவளே வாசலில் வந்து நிற்கிறாள். பையன் முன் பிரேக்கைப் பிடிக்க வேண்டும், அவள் சைக்கிளை முன்னால் தள்ளுவாள். பிறகு பின் பிரேக். சக்கரம் உருண்டால் அன்றைக்குச் சாவி கிடையாது. போன வாரம் ஒருநாள் என் வண்டியையும் தள்ளிப் பார்த்தாள். "உன்னோடதுதாம்ப்பா உருளுது" என்றாள். நான் அன்றைக்கு நடந்து போனேன்.