தளத்தின் அடிப்பாதிக்கு என்ன வேலை?

திருவண்ணாமலைக் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் அத்தனை தூண்கள் எதற்கு? அழகுக்கு என்பார்கள் பெரியவர்கள். பௌதிகம் வேறொரு காரணமும் கூறும்.

கற்பலகையை இரு முனைகளிலும் தாங்கி, நடுவில் சுமை ஏற்றினால், அது நுண்ணிய அளவு வளைகிறது. அப்போது மேற்பக்கம் அமுங்குகிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது. கல் அமுக்கத்தை நன்கு தாங்கும். இழுத்தாலோ விரைவில் விரிசல் விடும். ஆகவே பலகை குட்டையாகவும், தூண்கள் நெருக்கமாகவும் இருந்தாக வேண்டும்.

கான்கிரீட்டும் ஒரு வகைக் கல்லே. அதன் இழுவலிமை அமுக்க வலிமையில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். எனவேதான் அடிப்பக்கத்தில் இரும்புக் கம்பி வைக்கிறோம். வெப்பத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு விரிவது நமது நல்வாய்ப்பு!

இழுவிசையைக் கம்பி ஏற்றுக்கொண்டால், அடிப்பாதிக் கான்கிரீட்டுக்கு என்ன வேலை? கம்பியைப் பற்றிக்கொள்வது, துருப்பிடிக்காமல் காப்பது, மேற்பாதியோடு இணைப்பது. அதற்கு எல்லா இடத்திலும் கான்கிரீட் வேண்டுவதில்லை. 10 அடிக்கு 10 அடி அறையின்மேல் 5 அங்குலத் தளம் போட்டால், எடை சுமார் 3 டன்! கேரளத்தில் லாரி பேக்கர் (1917–2007) கம்பிகளுக்கிடையே பழைய மங்களூர் ஓடுகளைப் பதித்துத் தளம் போட்டார். சிமெண்ட் மிச்சம், இரண்டு ஓடுகளுக்கிடையே அடைபட்ட காற்றால் வெப்பமும் குறையும். வெயிலுக்குப் பேர்போன நம் ஊரில், சிறு வீடு கட்டுவோர் பலர் இதை நாடாதது எனக்கு வியப்பே. 'ஓட்டு வீடு' என்று சொல்லிவிடுவார்களோ என்ற கூச்சம் போலும்!

பல மாடிக் கட்டடங்களுக்கு, ஆலையில் துளைகளுடன் வார்த்த பலகைகளைக் கிரேனால் தூக்கி அடுக்கும் முறையும் உண்டு. எடை குறைவு; சென்ட்ரிங் வேலையும் குறைவு. ஆனால் பலம் முழுவதும் இணைப்புகளில் இருக்கிறது. 1988 ஆர்மீனிய நிலநடுக்கத்தில் இத்தகைய கட்டடங்கள் பல நொறுங்கின. இணைப்பைச் சரிபார்க்கத் தேர்ந்த ஆளில்லாத இடத்தில், ஒரே வார்ப்பாகப் போடும் தளத்தையே நான் ஆதரிப்பேன்.

எம்முறையாயினும் கம்பியின் இடம் மாறக்கூடாது. சுவரிலிருந்து நீளும் பால்கனியில் இழுபடுவது மேற்பக்கம்; கம்பியும் மேலேதான் இருக்க வேண்டும். கான்கிரீட் கொட்டும் அவசரத்தில் ஆட்கள் மிதித்து அது கீழே அமிழ்ந்துவிட்டால், சென்ட்ரிங் பிரிக்கும்போதே பால்கனி விழக்கூடும். உங்கள் தெருவில் தளம் போடும் நாளில், மேல்கம்பிக்கு முட்டு இருக்கிறதா, அடிக்கம்பிக்குக் கவர் பிளாக் வைத்தாயிற்றா என்று மேஸ்திரியிடம் கேளுங்கள். சிரித்தாலும் கேளுங்கள்.