பல் இல்லாத பங்காளி



எறும்பு தின்னும் செதில் விலங்கான அழுங்குக்கு நெருங்கிய சொந்தம் எது என்று கேட்டால், நம்மில் பலரும் தென்னமெரிக்க எறும்புத்தின்னியைத்தான் சொல்வோம். நீண்ட முகம், பல்லில்லாத வாய், ஒட்டும் நாக்கு, புற்றைக் கிழிக்கும் நகம் என எல்லாமே பொருந்துகின்றன. விலங்கியலாளர்களும் நெடுங்காலம் இந்த இரண்டையும் ஆர்மடில்லோவோடு சேர்த்துப் ‘பல்லிலிகள்’ என்று ஒரே கூட்டத்தில் வைத்திருந்தார்கள்.

ஆனால் அழுங்கின் உண்மையான பங்காளிகள் புலியும் நாயும் கரடியும் கீரியும்தான்! 2001ஆம் ஆண்டையொட்டிப் பாலூட்டிகளின் மரபணுக்களை விரிவாக ஒப்பிட்ட ஆய்வுகள் அழுங்கை ஊனுண்ணி வரிசைக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்தன. இந்தப் பாகப்பிரிவினை நடந்து ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. அப்போது டைனோசர்கள் நடமாடிக்கொண்டிருந்தன.

எலும்பிலும் இந்த உறவுக்குச் சாட்சி உண்டு. பெருமூளைக்கும் சிறுமூளைக்கும் நடுவே நமக்கு இருப்பது ஒரு சவ்வு. அழுங்குக்கும் ஊனுண்ணிகளுக்கும் அந்த இடத்தில் எலும்புத் தட்டு இருக்கிறது. நம் மணிக்கட்டில் தனித்தனியாக உள்ள இரண்டு சிறு எலும்புகள் அவற்றுக்கு ஒன்றாக இணைந்திருக்கின்றன. வெளித்தோற்றம் உணவுக்கும் பிழைப்புக்கும் ஏற்ப மாறிவிடும். உறவைத் தேடுகிறவர்கள் இப்படி யார் கண்ணிலும் படாத மூலைகளில்தான் தேட வேண்டியிருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த சான்று பல்லைப் பற்றியது. மலாய் அழுங்கு, சீன அழுங்கு ஆகியவற்றின் மரபணுத் தொகுதியை 2016இல் வெளியிட்டார்கள். பல்லின் எனாமலை உருவாக்கும் மரபணுக்கள் அவற்றில் இன்னும் இருக்கின்றன. ஆனால் வேலை செய்ய முடியாதபடி சிதைந்து கிடக்கின்றன. முன்னோர்களுக்குப் பல் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் வேண்டுமா?

பல்லை இழந்ததும் நேற்று நடந்ததல்ல. ஜெர்மனியின் மெசல் குழியில் கிடைத்த இயோமானிஸ் என்ற பழங்கால அழுங்கின் புதைபடிவத்துக்கு வயது சுமார் 4.7 கோடி ஆண்டுகள். அதற்கு அப்போதே பல் இல்லை, செதில்கள் இருந்தன. அதே குழியில் கிடைத்த இன்னொரு விலங்கை, தென்னமெரிக்க எறும்புத்தின்னியின் உறவினர் என்று கருதி, யூரோடமாண்டுவா என்று 1981இல் பெயரிட்டார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் அதையும் அழுங்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்தன. எறும்பு தின்னும் வாழ்க்கை தேர்ந்த கண்களைக்கூட அப்படி ஏமாற்றியிருக்கிறது.

சுருண்டுகொண்ட அழுங்கைப் பங்காளியான சிங்கத்தாலும் எளிதில் கடித்துத் திறக்க முடியாது. மனிதன் கடிப்பதில்லை, அப்படியே தூக்கிப் பையில் போட்டுக்கொள்கிறான். நம் நகத்தில் உள்ள அதே கெரட்டின்தான் செதிலிலும் இருக்கிறது. அதை மருந்தென்று நம்பிக் கொல்கிறார்கள். அப்போது அறியப்பட்டிருந்த எட்டு அழுங்கு இனங்களின் பன்னாட்டு வணிகத்துக்கும் 2016இல் தடை முடிவானது. அப்படியும் கடத்தல் நிற்கவில்லை. பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரே குட்டி என்பதால், இழந்ததை ஈடுகட்ட அவற்றுக்கு வெகுகாலம் ஆகும்.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அழுங்கு இன்னும் வாழ்கிறது. பார்த்தவர்கள் எங்களுக்கு எழுதுங்கள்: எந்தப் பருவம், எந்த நேரம், எந்தப் புற்றைத் தோண்டியது, முதுகில் குட்டி இருந்ததா? பார்த்த இடத்தின் பெயரை மட்டும் எழுத வேண்டாம். தெரியவந்தாலும் நாங்கள் அச்சிடமாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்