கல்லு பாட்டில்ல இருக்கு, பை எங்க?

பித்தப்பைக் கல் ஆபரேஷன் முடிஞ்சதும் ஒரு குட்டி பாட்டில்ல கல்லைப் போட்டு வீட்டுக்காரங்க கையில குடுப்பாங்க. ஷோகேஸ்ல வச்சு, வர்ற சொந்தக்காரங்களுக்கெல்லாம் காட்டுவோம். சரி, அந்தக் கல் இருந்த பை எங்க போச்சு? அதைக் கேட்கத்தான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், கொஞ்சம் கோபமாவும் இருக்கும்.

நான் சர்ஜன் இல்ல. எம்பிபிஎஸ். சின்னமனூர்ல ஓ.பி. பார்க்குறவன். வெளிய எங்கயோ ஆபரேஷன் பண்ணிட்டு, தையல் பிரிக்கவும் சுகர் மாத்திரை வாங்கவும் வர்றவங்களோட டிஸ்சார்ஜ் சம்மரியைப் படிக்கிறது என் தினசரி வேலை. அதுல 'பித்தப்பை அகற்றப்பட்டது' இருக்கும். பயாப்சி ரிசல்ட் எழுத வேண்டிய இடம் காலியா இருக்கும்.

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு அம்மா வந்தாங்க. ஏலத்தோட்ட வேலைக்குப் போறவங்க. ஒரு வருஷம் முன்ன பித்தப்பை எடுத்தாச்சு. இப்ப கண்ணெல்லாம் மஞ்சள், உடம்பு பாதியா இளைச்சிருச்சு. "எடுத்த பையை டெஸ்ட்டுக்கு அனுப்புனாங்களா?"ன்னு கேட்டேன். மகன் சொன்னார், "கல்லு வீட்ல பத்திரமா இருக்கு சார்." கல்லீரல் முழுக்க கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில ஊசி பயாப்சி எடுத்தப்ப நியூரோ எண்டோகிரைன் கார்சினோமா. எங்க ஆரம்பிச்சதுன்னு அவங்க கேட்டாங்க. பித்தப்பையாவும் இருக்கலாம், வேற இடமாவும் இருக்கலாம். பதில் சொல்ல வேண்டிய உறுப்பு மஞ்சள் கவர்ல குப்பைக்குப் போய் ஒரு வருஷம் ஆச்சு.

இந்த நோயோட பேரைக் கேட்டதும் 'நியூரோ'ன்னா மூளைன்னு நினைச்சுக்குவாங்க. நடிகர் இர்ஃபான் கான் 2018 மார்ச்ல தனக்கு இது இருக்குன்னு சொன்னப்ப, மூளை சம்பந்தப்பட்டதுன்னு நினைக்காதீங்கன்னு அவரே விளக்க வேண்டியிருந்தது. 2020 ஏப்ரல் 29 அன்னிக்கு இறந்தார், 53 வயசு. ஹார்மோன் சுரக்குற ஒருவகை செல்கள்ல வர்ற கட்டி இது. குடல், கணையம், நுரையீரல்லதான் அதிகம். பித்தப்பைல ரொம்ப அபூர்வம். நியூரோ எண்டோகிரைன் கட்டிகள் எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தா 1 சதவீதம் கூட வராது. ஆரோக்கியமான பித்தப்பைல இந்த செல்களே கிட்டத்தட்ட கிடையாது. வருஷக்கணக்கா கல் உரசி, புண்ணாகி, உள்சுவர் மாறுறப்பதான் அங்க முளைக்குதுன்னு ஒரு கருத்து உண்டு.

இதுக்குன்னு தனி அறிகுறி எதுவும் இல்ல. அதே வலது விலா வலி, அதே செரிமானக் கோளாறு. ஸ்கேன்ல கல்லுதான் தெரியும். பெரும்பாலும் கல்லுக்காக எடுத்த பையை பேத்தாலஜிஸ்ட் மைக்ராஸ்கோப்ல பார்க்குறப்பதான் மாட்டும். அப்புறம் சினாப்டோஃபைசின், குரோமோகிரானின் சாயம் போட்டு உறுதி பண்ணுவாங்க. கே.ஐ.67 எண்ணி எவ்வளவு வேகமா பெருகுதுன்னு சொல்லுவாங்க. சாதுவான சின்னக் கட்டின்னா பையை எடுத்ததே வைத்தியமா முடிஞ்சிடலாம். முரட்டு வகைன்னா உடனே அடுத்த ஆபரேஷன், கீமோ. இதுல ஒரு வருஷம் தாமதம்னா என்னன்னு அந்த மகன்கிட்ட கேளுங்க.

"இவ்ளோ அபூர்வமான நோய்க்காக எல்லாப் பையையும் அனுப்பணுமா?"ன்னு சீனியர்கள் கேட்பாங்க. இதுக்காக மட்டும்னு யார் சொன்னா? சாதாரண பித்தப்பைப் புற்றுநோயும் இப்படித்தான் தற்செயலா கிடைக்குது. கங்கைக் கரை மாநிலங்கள் அளவுக்கு நம்மூர்ல இல்லதான். அதுக்காக இல்லவே இல்லையா?

நெதர்லாந்துல, சந்தேகப்படுற பையை மட்டும் அனுப்பினா போதுமான்னு ஆய்வே நடந்திருக்கு. மறுக்கல. ஆனா அங்க சர்ஜன் பையைத் திறந்து, உள்சுவரை முழுசா பார்த்து, விரலால தடவிப் பார்த்துட்டு முடிவெடுக்குறார். இங்க பையைத் திறக்குறதே கல் எடுத்து வெளிய நிக்கிறவங்களுக்குக் காட்டத்தான். ரெண்டையும் ஒண்ணுன்னு சொல்றவங்ககிட்ட எனக்குப் பேச ஒண்ணுமில்ல.

அனுப்புறதுலயும் கூத்து இருக்கு. ஃபார்மலின்ல போட வேண்டியதை சலைன்ல போட்டு, ரெண்டு நாள் கழிச்சு பஸ்ல ஏத்தி விடுறது. லேப் போய்ச் சேரும்போது பை அழுகிப் போயிருக்கும்.

தனியாரை மட்டும் திட்டுறேன்னு நினைக்க வேண்டாம். நம்ம அரசாங்கத்துல பையை அனுப்புறோம், ரிப்போர்ட்டும் வருது. நோயாளி தையல் பிரிச்சதோட வர்றதில்ல. கேன்சர்னு எழுதின தாள் யாரும் தேடாம ஃபைல்ல தூங்கும். அவங்க நம்பர் கேஸ் ஷீட்ல இருக்கு. ஒரு போன் பண்ண நமக்கு என்ன கேடு?

'எம்பிபிஎஸ் பையன் சர்ஜனுக்குப் பாடம் எடுக்குறான்'னு கமெண்ட் வரும், வரட்டும். தையல் பிரிக்கிற இடத்துல உட்கார்ந்திருக்கிறவனுக்குத்தான் காலி இடம் கண்ணுல படுது.

உங்க வீட்டுல யாருக்காவது பித்தப்பை எடுக்கப் போறாங்கன்னா, ஆபரேஷனுக்கு முன்னாடியே கேளுங்க: "சார், பையை பயாப்சிக்கு அனுப்புவீங்களா? ரிசல்ட் என்னிக்கு வரும்?" மொத்த ஆபரேஷன் பில்லுக்கு முன்னாடி அந்தச் செலவு ஒண்ணுமே இல்ல. ஏற்கெனவே எடுத்தாச்சுன்னா அந்த ஆஸ்பத்திரிக்குப் போய் ரிப்போர்ட் கேளுங்க, அது உங்க உரிமை. அனுப்பியிருந்தா லேப்ல மெழுகு பிளாக் வச்சிருப்பாங்க, தேவைப்பட்டா திரும்ப வெட்டிப் பார்க்கலாம்.

ரிப்போர்ட் கிடைச்சு புரியலைன்னா சின்னமனூர் பக்கம் இருக்கிறவங்க காலையில ஓ.பி.க்கு எடுத்துட்டு வாங்க. படிச்சு சொல்றேன். பெருசா ஏதாவது இருந்தா க.விலக்கு மெடிக்கல் காலேஜுக்கு லெட்டர் எழுதித் தர்றேன். கல் பாட்டிலைக் கொண்டு வர வேண்டாம்.